ஒரு பழைய அட்டைக்கு ஏன் இத்தனை விலை? 1956 பேஸ்போல் தொகுப்பை முடித்த அனுபவம்

போன மாதம் கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு பழைய செய்தியை அனுப்பியிருந்தான். 2022 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் அட்டை 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போன செய்தி. கீழே ஒரு கேள்வி: "மாமா, நீங்களும் உந்த அட்டை சேர்க்கிறனீங்கள்தானே. உங்களிட்டையும் இப்பிடி ஒண்டு கிடக்கோ?"

இல்லை. என்னிடம் இருப்பது 342 அட்டைகள். எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் ரொறன்ரோவில் ஒரு புதுக் கார் வாங்கத்தான் காணும். அந்த 342 ஐயும் சேர்த்து முடிக்கப் பதினொரு வருடம் எடுத்தது. மருமகனுக்கு இரண்டு வரியில் பதில் எழுத முயன்றேன், முடியவில்லை. ஊரில் இன்னும் சிலர் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பேஸ்போல் தெரியாதவர்கள் எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாடும் எல்லேயை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற பந்தைத் தடியால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அடிப்படை அவ்வளவுதான். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எங்களுக்குக் கிரிக்கெட் மாதிரி. 1950களில் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த டொப்ஸ் என்ற பபிள்கம் கம்பனி, தன் கம் பொதிகளுக்குள் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வைத்து விற்றது. ஒரு சதத்துக்கும் ஒரு பொதி, ஐந்து சதத்துக்கும் ஒரு பொதி. உள்ளே யார் இருக்கிறார் என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே இருப்பவரே திரும்ப வந்தால் பக்கத்து வீட்டுப் பெடியனோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

விற்றது கம். அட்டை அதற்கு இலவசம். அதனால்தான் அவற்றை யாரும் பத்திரப்படுத்தவில்லை. பிள்ளைகள் அவற்றை றப்பர் பான்டால் கட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துத் திரிந்தார்கள், சுவரில் எறிந்து விளையாடினார்கள், சைக்கிள் கம்பிகளுக்கு இடையில் செருகி மோட்டார் சத்தம் எழுப்பினார்கள். நாங்களும் கடதாசி மட்டையைச் செருகி அதே சத்தத்தோடு ஒழுங்கையில் ஓடியவர்கள்தானே. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கும் இராணுவத்துக்கும் போன பிறகு தாய்மார் அறையைத் துப்புரவாக்கிச் சப்பாத்துப் பெட்டியோடு எறிந்துவிட்டார்கள். அதற்கு முந்திய 1930களின் அட்டைகள் இன்னொரு விதமாக அழிந்தன. இரண்டாம் உலகப்போரின்போது போர்த் தேவைக்காகப் பழைய கடதாசி சேகரித்தார்கள். பிள்ளைகள் தங்கள் அட்டைகளையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

12.6 மில்லியனுக்குப் போன அட்டையின் கதை இதிலும் விசித்திரமானது. அது டொப்ஸின் 1952 தொகுப்பில் வந்த மிக்கி மான்ரிலின் 311 ஆம் இலக்க அட்டை. அந்தத் தொகுப்பின் கடைசித் தொடர் 311 இலிருந்து 407 வரை. பருவகாலம் முடியும் நேரத்தில் அது கடைக்கு வந்ததால் விற்கவில்லை. பெட்டி பெட்டியாகக் களஞ்சியத்தில் தேங்கிக் கிடந்ததை, அந்தத் தொகுப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரான சை பேர்கரே 1960 இல் ஒரு குப்பைப் படகில் ஏற்றுவித்து அத்திலாந்திக் கடலில் கொட்டச் செய்தார். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கொட்டியவற்றில் மான்ரில்களும் அடக்கம்.

ஆகவே இந்தப் பொருட்களின் விலையில் பெரும்பகுதி, காணாமற்போன மற்றவற்றின் விலைதான். இதை நான் ஊரில் இருக்கும்போதே அறிந்திருந்தேன், வேறு விதமாக. அண்ணாவிடம் ஒரு முத்திரை அல்பம் இருந்தது. ஒவ்வொரு முத்திரைக்கும் கீழே எப்போது, யார் தந்தது என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அது அலுமாரிக்குள் இருந்தது. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை.

கனடாவுக்கு வந்த பிறகு என்னோடு களஞ்சியத்தில் இரவு வேலை செய்த வயதான கனேடியர் ஒருவர்தான் எனக்கு முதல் அட்டையைக் காட்டினார். 1956 ஆம் ஆண்டு டொப்ஸ், 33 ஆம் இலக்கம், ரொபர்ட்டோ கிளெமென்டே. புவேர்ட்டோ ரிக்கோவில் கரும்புத் தோட்டத்து வேலைக்காரரின் மகன். அந்த அட்டையில் பெயர் சரியாக ரொபர்ட்டோ என்று இருக்கிறது. அடுத்த வருடத்திலிருந்து 1969 வரை டொப்ஸ் அவரைப் 'பொப்' ஆக்கிவிட்டது. அமெரிக்க வாய்க்கு வசதியான பெயர். அவருக்கு அது பிடிக்கவேயில்லை. 1972 டிசெம்பர் 31 அன்று, நிக்கராகுவாவில் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். என் பெயரையும் வேலைத்தலத்தில் மூன்று எழுத்தாக வெட்டி வைத்திருந்த காலம் அது. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அதனால்தான் 1956 தொகுப்பு. அதில் 340 இலக்கமிட்ட அட்டைகள், அவற்றோடு இலக்கமில்லாத 2 பட்டியல் அட்டைகள். படுக்கையாக அச்சிட்ட பெரிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் வீரரின் முகமும் அவர் விளையாடும் காட்சியும். 30 ஆம் இலக்கம் ஜக்கி ரொபின்சன். 1947 இல் நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் ஆடிய கறுப்பினத்தவர். அதற்கு முந்திய வருடம் அவர் விளையாடியது மொன்றியலில். 1956 அவருடைய கடைசிப் பருவம். 31 ஆம் இலக்கம் ஹாங்க் ஏரன். ஆனால் அட்டையில் சறுக்கி வந்து விழுபவர் ஏரன் அல்ல, வில்லி மேய்ஸ். வேறொருவரின் படத்தை எடுத்து உடையை மட்டும் மாற்றி வரைந்திருக்கிறார்கள். முதலாம் இலக்கம் யார் தெரியுமா? வீரரே அல்ல. கோட்டும் சூட்டும் போட்ட லீக் தலைவர், வில்லியம் ஹரிட்ஜ். ஒரு சதம் கொடுத்துப் பொதியை உடைத்த பிள்ளையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். அடுக்கில் மேலேயும் கீழேயும் இருந்து றப்பர் பான்டின் வெட்டை வாங்கியவை 1 ஆம் இலக்கமும் 340 ஆம் இலக்கமும். இரண்டும் நல்ல நிலையில் கிடைப்பது கடினம்.

இனி 'தரமிடல்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் விற்பவர் "நல்ல அட்டை" என்றால் வாங்குபவர் நம்ப வேண்டியதுதான். 1991 இல் கலிபோர்னியாவில் பீ.எஸ்.ஏ. என்ற நிறுவனம் இதற்கென்றே தொடங்கியது. அட்டையை அனுப்பினால் மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி, தனி இலக்கத்தோடு திருப்பி அனுப்புவார்கள். இந்த எண்களுக்குப் பெயர்களும் உண்டு. 10 என்றால் 'ஜெம் மின்ட்'. 2 என்றால் 'குட்', அதாவது நல்லது. பத்துக்கு இரண்டு எடுத்தவனை நல்லவன் என்று சொல்லும் பரீட்சையை நான் வேறெங்கும் கண்டதில்லை. உண்மையில் 2 ஆம் தரத்து அட்டை என்றால் மூலைகள் உருண்டு, மடிப்பு விழுந்து, கறை பிடித்திருக்கும். பிள்ளைகள் ஆசையாக வைத்திருந்த அட்டைகள் அநேகமாக அந்தத் தரத்தில்தான் இருக்கும். 9, 10 எடுப்பவை யாருடைய கையிலும் தங்காதவை.

ஓர் எண்ணால் விலை பத்து மடங்கு மாறும் என்றால் களவு வரும். தேய்ந்த ஓரத்தைக் கூரான கத்தியால் நூலளவு வெட்டினால் மூலை புதிதாகிவிடும். உலகிலேயே பெயர்பெற்ற அட்டை, 1909 அளவில் சிகரெட் பெட்டிகளில் வந்த ஹோனஸ் வாக்னர். அதன் மிக நல்ல பிரதிக்குப் பீ.எஸ்.ஏ. 8 கொடுத்தது. அந்த நிறுவனம் முதன்முதலில் தரமிட்ட அட்டையும் அதுதான். அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வணிகர் 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பெரியவர்களுக்கே இது நடக்கும் என்றால் என் போன்றவனுக்கு நடக்காதா? மூன்றாம் வருடத்தில் சான்டி கூஃபக்ஸின் அட்டையை உறையிடாத நிலையில் ஒருவரிடம் வாங்கினேன். இரண்டு மாதக் கூலியில் மிச்சம் பிடித்த காசு. தரமிட அனுப்பினேன். எண் இல்லாமல், 'வெட்டப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. விற்றவர் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அன்றிலிருந்து எந்த அட்டையையும் வாங்குவதற்கு முன் அதே தொகுப்பின் நம்பகமான இன்னோர் அட்டையோடு சேர்த்து வைத்து அளந்து பார்ப்பேன். எழுபது வருடம் பழைய அட்டையின் ஓரம் மட்டும் புதுக்கடதாசி போல வெள்ளையாக இருந்தால் கை வைக்க மாட்டேன்.

இங்கே ஒரு விடயத்தை இடையில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பலர் இதில் பிழை விடுகிறோம். அந்தப் பிளாஸ்டிக் உறை லமினேற் அல்ல. அட்டை அதற்குள் சும்மா இருக்கிறது, எதுவும் அதோடு ஒட்டவில்லை. உடைத்தால் அட்டை அப்படியே வெளியே வரும். லமினேற் செய்தால் சூட்டில் பசை உருகிப் படத்தோடு ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. இடம்பெயர்வுகளில் தப்பிய படங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பாதுகாக்கிறோம் என்று நினைத்து எத்தனை பேர் லமினேற் செய்து வைத்திருக்கிறோம். அம்மாவும் அண்ணாவின் ஒரேயொரு படத்தை அப்படித்தான் செய்தா. ஓரத்தில் காற்றுப் புகுந்து வெள்ளை பூத்திருக்கிறது. இனி ஒன்றும் செய்ய இயலாது. உங்களிடம் இன்னும் லமினேற் செய்யாத படம் இருந்தால் முதலில் அதை நல்ல ஸ்கானரில் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூலப் படத்தைப் பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறையில் போட்டு வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். வாசம் அடிக்கும் மெல்லிய பீ.வீ.சீ. உறை வேண்டாம், அது காலப்போக்கில் படத்தில் ஒட்டும். அட்டை சேர்ப்பவர்கள் பல வருடமாகப் பட்டுத் தெரிந்துகொண்ட விடயம் இது.

சரி, தொகுப்பை முடிப்பது. நான் முதலே ஒரு முடிவு எடுத்தேன்: எல்லாம் 5 ஆம் தரம். மூலை கொஞ்சம் மழுங்கியிருக்கும், ஆனால் மடிப்பு இருக்காது. 8 ஆம் தரத்தில் முடிக்க என் ஆயுள் சம்பளமும் போதாது. எல்லா இடமும் ஒரே தரமாக இருந்தால் அடுக்கிப் பார்க்கும்போது கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும். பீ.எஸ்.ஏ. இணையத்தில் ஒரு பதிவேடு நடத்துகிறது. உங்கள் அட்டைகளின் இலக்கங்களைப் பதிந்தால் எத்தனை வீதம் முடிந்திருக்கிறது, சராசரித் தரம் என்ன, உலகில் எத்தனையாவது இடம் என்று காட்டும். அந்த வீதத்தைப் பார்ப்பது ஒரு போதை. வேலை முடிந்து விடிய நாலு மணிக்கு வந்து அதைத்தான் திறப்பேன்.

எல்லாரும் நினைப்பது போல மான்ரில், வில்லியம்ஸ், மேய்ஸ் போன்றவர்கள் கடினம் அல்ல. அவர்கள் விலைதான் கூட. காசு சேர்ந்தால் இன்றைக்கே வாங்கலாம், எப்போதும் யாரோ விற்றுக்கொண்டிருப்பார்கள். கடினம் பெயரில்லாதவர்கள்தான். இரண்டு பருவம் விளையாடிவிட்டு ஊருக்குப் போனவர், மாற்று ஆட்டக்காரராகவே இருந்து முடிந்தவர். அவர்களுடைய அட்டையின் விலை தரமிடும் கட்டணத்தைவிடக் குறைவு, ஆகவே யாரும் அனுப்பித் தரமிடுவதில்லை. அட்டை உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் 5 என்று எழுதிய உறைக்குள் இராது. 181 இலிருந்து 260 வரையான மூன்றாம் தொடர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அரிது. அதில் ஒருவர் எனக்கு இரண்டு வருடமும் நாலு மாதமும் தண்ணி காட்டினார். பெயரைச் சொன்னால் அமெரிக்கருக்கே தெரியாது. மிசிசாகாவில் நடக்கும் பெரிய அட்டைக் கண்காட்சிக்கு ஒவ்வொரு முறையும் பஸ் எடுத்துப் போய், பத்து டொலர்ப் பெட்டிகளை முழங்காலில் இருந்து கிளறினேன். கடைசியில் உறையிடாத மூன்று பிரதிகளை வாங்கி நானே அனுப்பினேன். ஒன்று 4, ஒன்று 6, ஒன்று 5. அந்த 5 எனக்கு மான்ரிலைவிடப் பெரிசு. கட்டணத்தையும் தபாற்செலவையும் கூட்டினால் அட்டையின் விலையைப் போல ஐந்து மடங்கு செலவு. இதைக் கணக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு தொகுப்பை முடிக்க விடாமல் செய்வதற்கென்றே வேலை பார்த்த கம்பனியும் இருந்தது. 1933 இல் கௌடி என்ற கம் கம்பனி 240 இலக்கங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதில் 106 ஆம் இலக்கத்தை அச்சிடவேயில்லை. பிள்ளைகள் இல்லாத 106 ஐத் தேடிப் பொதி பொதியாக வாங்கினார்கள். கடிதம் எழுதி முறையிட்டவர்களுக்கு அடுத்த வருடம் நாப் லஜொவே என்ற, எப்போதோ ஓய்வுபெற்ற வீரரின் அட்டையை 106 என்று அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார்கள். கிளிப் போட்டு அனுப்பியதால் பல பிரதிகளில் இன்றும் அந்தக் கிளிப்பின் தழும்பு இருக்கிறது. இல்லாத ஒன்றைத் தேடி அலைவது எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காசைப் பற்றியும் நேரே சொல்கிறேன். மனைவி ஒருநாள் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உதுக்குக் குடுத்த காசுக்கு ஊரில ரெண்டு வீட்டுக்குக் கூரை போட்டிருக்கலாம்." பொய் இல்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஊருக்கு அனுப்பும் காசு முதலில் போகும், மேலதிக நேரம் செய்த காசில் பாதி மட்டும் அட்டைக்கு. அதனால்தான் பதினொரு வருடம். மருமகனைப் போன்ற இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1980களின் பிற்பகுதியில் அட்டைகள் காசாகும் என்று எல்லாரும் கேள்விப்பட்டு வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள், கம்பனிகளும் அளவில்லாமல் அச்சடித்தன. யாரும் எறியாத அந்த அட்டைகளை இன்று இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. கொரோனாக் காலத்தில் விலைகள் ஏறின, பிறகு பல அட்டைகள் விழுந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் பாடு சொல்லி மாளாது.

கடைசியாக மிஞ்சியவை அந்த இரண்டு பட்டியல் அட்டைகள். ஒன்றில் முதலாம், மூன்றாம் தொடர்களின் பெயர்கள், மற்றதில் இரண்டாம், நாலாம் தொடர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறிய பெட்டி. அட்டை கிடைத்தால் பென்சிலால் அடையாளமிட வேண்டும், அதற்காகத்தான் அச்சடித்தார்கள். படமில்லாத அட்டை என்பதால் பல பிள்ளைகள் எறிந்துவிட்டார்கள், எறியாதவர்கள் எழுதினார்கள். இன்று தரமிடும்போது அந்தப் பென்சில் கோடு ஒரு குறை. எண்ணுக்குப் பக்கத்தில் 'அடையாளமிடப்பட்டது' என்று இரண்டு எழுத்துச் சேர்த்துவிடுவார்கள், பதிவேட்டில் தரத்தைக் குறைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு பிள்ளையும் தொடாத வெறும் பட்டியலுக்குத்தான் விலை.

இரண்டாவது பட்டியல் வெறுமையாகவே கிடைத்துவிட்டது. முதலாவதுக்கு இரண்டு பிரதிகள் ஒரே கிழமையில் விற்பனைக்கு வந்தன. ஒன்று சுத்தமானது, 5. மற்றதும் 5 தான், ஆனால் பென்சில் அடையாளங்களோடு, விலை மூன்றில் ஒன்று. சுத்தமானதை வாங்கக் காசு இருந்தது. பதினொரு வருடமும் ஒரே தரம் என்று பிடிவாதமாக வந்தவன், கடைசி இடத்தில் அதையே செய்திருக்க வேண்டும். பதிவேட்டில் என்னோடு போட்டியிடும் ஒரு அமெரிக்கரும் அதையே சொன்னார்.

இரண்டு நாள் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாவின் அல்பம் இன்று யாரிடமாவது இருந்து, ஒரு முத்திரை வணிகரிடம் போனால், அவர் பென்சில் எழுத்தைப் பார்த்து விலையைக் குறைப்பார் என்பது எனக்குத் தெரியும். நான் பென்சில் கோடு உள்ளதை வாங்கினேன்.

வந்த அன்று விளக்குக்குக் கீழே வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். முதலாம் தொடரில் மூன்று பேரைத் தவிர எல்லாருக்கும் அடையாளம் இருக்கிறது. தொடக்கத்தில் ஒழுங்கான சிறிய கோடுகள், போகப் போக அவசரம். மூன்றாம் தொடரில் ஏழு பேருக்கு மட்டும்தான். பருவகாலம் முடிந்ததோ, கையில் சதம் முடிந்ததோ, ஆர்வம் முடிந்ததோ. பிள்ளைக்குக் கிடைக்காத அந்த மூன்று பேரையும் என் பெட்டியில் தேடி எடுத்தேன். அவர்களில் ஒருவர், கிளெமென்டே.

பட்டியலின் படத்தை மருமகனுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "மாமா, உது ஆரோ கீறி வச்ச கார்ட் எல்லோ? தெரிஞ்சோ வாங்கினீங்கள்?"

ஓம் என்று எழுதினேன். அம்மாவிடம் இருக்கும் மிச்சப் படங்களை லமினேற் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், வாற கிழமை ஸ்கானருக்குக் காசு போடுகிறேன் என்றும் எழுதினேன்.